வேண்டுதல் தாடி

உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அரூர் தாண்டியதும் நின்றுவிட்டது. பஸ் நின்றால் வாய்கள் ஓடும். முன் சீட்டில் சடையும் தாடியுமாக இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"பைத்தியாஸ்பத்திரியில என்னைப் புடிச்சி உள்ள போட்டுட்டாங்க."

"ஏனுங்க?"

"புத்தி கலங்குனது தம்பிக்கு. அவன் குணமாகற வரைக்கும் முடி எடுக்கறதில்லைன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். அவனுக்குப் புதுவேட்டி கட்டி, தலை சீவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பைத்தியம் நானில்லீங்கன்னு கத்துனேன். எல்லாரும் இப்பிடித்தான் சொல்வாங்கன்னு ரெண்டு வார்டருங்க அமுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"தம்பிதான், 'தூக்கம் வராதது எனக்குங்க, நாந்தான் இருக்கணும்'னு சொல்லி மீட்டு வுட்டான். இப்ப அவனைத்தான் பாக்கப் போறேன்."

"முடிய எடுத்துட்டுப் போகலாமில்ல?"

"அவனுக்கு இன்னும் குணமாகலையே. நான் போறப்பல்லாம் அவனே வாசல் கேட்டுக்கு வந்து, 'இவரு எங்கண்ணன், புடிச்சிக்காதீங்க'ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போறான்."