அலறிப் பார்த்த பேருங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. முதல்ல அந்த ஸ்பானரைக் கீழ வைங்க. இங்க யாரும் சாகல. செருப்புகூடப் போடாம ஓடி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க.

பக்கத்து வீட்டுக்கு நீங்க குடிவந்து ஒரு வாரம் இருக்குமா? பக்கத்துல ஒருத்தி கத்துவா, கண்டுக்காதீங்கன்னு வீட்டுக்காரம்மா சொல்லலையா? வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாங்களே.

என் வேலை அப்படி தம்பி. கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில பேரு வைக்கிற வேலை. எல்ஃப் தெரியும்ல, காது கூரா, நெடுநெடுன்னு, நூறு நூறு வருஷமா வாழ்வாங்களே, அவங்களுக்கு. எங்க கேம்ல வர்றவங்க சாதாரண எல்ஃப் இல்ல, பெரிய எடத்து ஆளுங்க. பேருல பிரெஞ்சு வாடை அடிக்கணும், ஆனா நிஜ பிரெஞ்சுக்காரன் பேரா இருக்கக் கூடாது. இது மேனேஜர் உத்தரவு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். நான்தான் நாக்கைச் சுழட்டிக்கிட்டுக் கெடப்பேன். ஓரிலே த வால்மொரே. இசோலீ த சான்ப்ருவா. நடுவுல ஒரு 'த' போட்டாத்தான் பரம்பரைப் பணக்காரன். இல்லேன்னா குதிரைக்குப் புல்லு போடுறவன்.

கத்துறது எதுக்கா? அங்கதான் வர்றேன். வெட்டிச் சாய்க்கத்தானே இத்தனை பேருக்கும் பேரு வைக்கிறதே. கேம்ல ஒரு விருந்துக் காட்சி வருது. அண்ணன்காரன் தங்கச்சி கையைக் கத்தியால மேசையோட சேர்த்துக் குத்திடுறான். அவ கண்ணு முன்னாடியே அவ புருஷன் கழுத்தை அறுக்கிறான். ரத்தம் அப்படியே சூப்புக் கிண்ணத்துல கொட்டுது. அப்ப அவ புருஷன் பேரைச் சொல்லி அலறணும். நான் ஆர்மாந்த்னு வச்சிருந்தேன். டப்பிங் பேசுற பொண்ணு எவ்வளவு தம் கட்டினாலும் கடைசில வாய் டப்புன்னு மூடிக்குது, தும்மின மாதிரி இருக்கு. அன்னைலேர்ந்து எனக்கு ஒரு கணக்கு. சாகப்போறவன் பேரு வாய் திறந்தபடியே முடியணும். ஓரிலேன்னு இழுத்தா செவுத்தைத் தாண்டிப் போகும். கொல்றவனுக்குத் தியேர்க்னு நறுக்குன்னு இருந்தாப் போதும், அவனுக்காக யாரு அழப்போறா?

அதனால வீட்லயே அலறிப் பார்ப்பேன். மொதல்ல மொத்தக் கட்டடமும் வந்து கதவைத் தட்டுச்சு. ஒரு தடவை போலீஸே வந்துட்டாங்க, டீ குடுத்து அனுப்பினேன். அப்புறம் எல்லாரும் பழகிட்டாங்க. உங்க வீட்ல முன்னாடி ஒரு நர்ஸம்மா இருந்தாங்க, தங்கமான மனுஷி. இன்னைக்கு யாரைக் கொன்னீங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க.

அந்தக் கதவு ஏன் பொளந்திருக்குன்னா? அது என் வீட்டுக்காரர் வேலை.

ஆமா, அது கேம்ல இல்ல. போன வருஷம் ஒரு மத்தியானம். எவன்டி அந்த ஓரிலே, எவனை நெனச்சுடி இப்படி உருகுறன்னு ஆரம்பிச்சார். கேம்ல வர்ற எல்ஃபுன்னு சொன்னேன், காதுலயே வாங்கல. இல்லாத ஒருத்தனுக்காக அடி வாங்கினவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். முடியைக் கொத்தாப் புடிச்சு அந்தக் கதவுல மோதினார். கீழ விழுந்ததும் தோளுல ஏறி மிதிச்சார். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு தம்பி. அப்ப நான் எந்தப் பேரும் சொல்லல. சும்மா அலறினேன், தொண்டை கிழியிற வரைக்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வச்சாங்க.

ரத்தத்தைப் பார்த்துட்டு அவரேதான் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு செல்லை எடுத்துப் பார்க்கிறேன், நர்ஸம்மா மெசேஜ் போட்டிருக்காங்க. இன்னைக்கு அலறினது ரொம்பத் தத்ரூபமா இருந்துச்சுன்னு. விஷயம் தெரிஞ்சதும் என் காலைக் கட்டிக்கிட்டு அழுதாங்க, பாவம். அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பார்க்க முடியாம வீட்டையே காலி பண்ணிட்டாங்க. அந்த வீட்டுக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க.

அவரை உள்ள போட்டாங்க. நானும் வீட்ல அலறுறதை விட்டுட்டேன். ஆபீஸ்ல சத்தம் வெளிய போகாத ரூம் ஒண்ணு இருக்கு, எத்தனை பேரைக் கொல்லணும்னாலும் அங்க போய்க் கத்திக்கிறேன்.

அப்ப இன்னைக்கு எந்த எல்ஃபா? எந்த எல்ஃபும் இல்ல தம்பி. திங்கக்கிழமை அவர் வெளிய வர்றார். வீடு மாறினாலும் தேடி வருவேன்னு சொல்லி அனுப்பியிருக்கார். பயமா இருக்கு. நான் அலறினா இந்தக் கட்டடத்துல ஒருத்தராவது வருவாங்களான்னு அலறிப் பார்த்தேன். நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க.

இந்தாங்க, இது வாசக்கதவுச் சாவி. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்.

தம்பி, ஸ்பானரை வச்சுட்டுப் போறீங்க பாருங்க. கைக்கு எட்டுற எடத்துலயே வச்சுக்கோங்க.