ரொட்டி வண்டிக்குப் பத்து நிமிஷம்

எசென்: இன்னொரு தடவை மிதிங்க அக்கா...

கான்ஷாயிம்: மிதிச்சாச்சு. கிளட்ச் பெடல் தரையில படுத்துக்கிட்டு எழும்ப மாட்டேங்குது. நீயும் மூணு மணி நேரமா இதையேதான் கேக்குற.

எசென்: அப்போ மேல இருக்கிற மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ள ரப்பர் போயிருக்கும். புதுசு நாரின்லேர்ந்து வரணும்.

கான்ஷாயிம்: எப்போ?

எசென்: நாளைக்கு... இல்லைன்னா நாளன்னைக்கு.

கான்ஷாயிம்: அஞ்சு மணிக்குள்ள நான் நாரின் கோர்ட்ல இருக்கணும்டா.

எசென்: கோர்ட் எங்க போயிடப் போகுது?

கான்ஷாயிம்: கோர்ட் போகாது. மலை போயிடும். இன்னைக்குள்ள ஆட்சேபணை போகலைன்னா நம்ம மேய்ச்சல் மலை முழுக்கத் தங்கச் சுரங்கத்துக்கு. ஊரைக் கேக்காம எழுதிக் குடுத்துட்டாரே, உன் மாமா.

எசென்: அவர் ஊர்த் தலைவர். கையெழுத்துப் போடுவாரு.

கான்ஷாயிம்: நாங்க இருநூத்துப் பன்னெண்டு வீடு. நாங்களும் போட்டிருக்கோம்.

எசென்: அந்தக் காகிதம்... இந்தப் பையிலயா?

கான்ஷாயிம்: கண்ணைக் கிளட்ச் மேல வை.

எசென்: அதான் சொல்றேனே, மாஸ்டர்...

கான்ஷாயிம்: மேல் சிலிண்டர்ல கை விட்டுப் பாரு. காஞ்சு கிடக்கு.

எசென்: உள்ளுக்குள்ளயே கசியும் அக்கா. வெளிய தெரியாது.

கான்ஷாயிம்: உள்ளுக்குள்ள கசிஞ்சா ஆயில் ஏன் குறையுது? டப்பா பாதி காலி. கீழ் சிலிண்டர் மட்டும் நனைஞ்சு சொட்டுது. இருபது வருஷமா இந்தக் கணவாய்ல உருளைக்கிழங்கு ஏத்துறேன், எனக்கே கதை சொல்றியா?

எசென்: அப்போ நீங்களே கடை வைங்க.

கான்ஷாயிம்: வைப்பேன். உன் கடைக்கு எதிர்லயே.

எசென்: ...டீ குடிங்க. ரொட்டி இருக்கு.

கான்ஷாயிம்: ரொட்டியை யாருடா கவுத்து வச்சது? திருப்பி வை. ரொட்டியைக் கவுத்து வச்சா பாவம் வரும்.

எசென்: கவனிக்கல. காலையில ரொட்டிக்கார நாசிரா குடுத்துட்டுப் போனது. அவ வண்டிக்கும் இதே நோவு. கிளட்ச் ஆயில் லைன்ல காத்து. பத்து நிமிஷத்துல எடுத்து அனுப்பிட்டேன்.

கான்ஷாயிம்: அவளுக்குப் பத்து நிமிஷம், எனக்கு ரெண்டு நாளா?

எசென்: ரொட்டி வண்டி அக்கா அது. நிறுத்தி வச்சா எந்தக் கை விளங்கும்? மாமா ஆளுங்க கீழ பாலத்துல எல்லா வண்டியையும் சோதிக்கிறாங்க, அவங்ககூட ரொட்டிக் கூடையில கை வைக்க மாட்டாங்க.

கான்ஷாயிம்: உருளைக்கிழங்குன்னா வைப்பாங்களா?

எசென்: ...போன் அடிக்குது, எடுங்க.

கான்ஷாயிம்: சொல்லு... ம்... எல்லாம் இறக்கியாச்சா? முத்திரை...? சரி. சூடா டீ குடிச்சிட்டு வா.

எசென்: யாரு?

கான்ஷாயிம்: தெரிஞ்ச பொம்பளை. எசென், அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு.

எசென்: எதுக்கு?

கான்ஷாயிம்: கீழ் சிலிண்டர்ல காத்து எடுக்கிற நிப்பிளை இறுக்க. முழுசா ஒரு சுத்து தளர்ந்திருக்கு. நீ காலையிலயே பார்த்துட்ட.

எசென்: ...பார்த்தேன்.

கான்ஷாயிம்: பார்த்தும் வாயைத் திறக்கல.

எசென்: நான் என்ன பண்றது? நீங்க வந்து நின்ன உடனே மாமா போன். சாயங்காலம் வரைக்கும் வண்டி நகரக் கூடாது, பையையும் பார்த்துக்கன்னாரு. இந்த இடமே அவர் குடுத்தது. அதோ... அவர் ஜீப்தான் ஏறி வருது. காகிதத்தைக் குடுத்துடுங்க அக்கா, பிடுங்குறதுக்கு முன்னாடி.

கான்ஷாயிம்: பையை நீயே திற.

எசென்: ...வெங்காயம்.

கான்ஷாயிம்: உன் மாமாவுக்குக் குடு. உரிக்கட்டும்.

எசென்: காகிதம் எங்க? அப்போ... அந்த நிப்பிள்?

கான்ஷாயிம்: மேல் வளைவுல நானேதான் தளர்த்தினேன். என்னை இங்க கட்டிப் போட்டுட்டோம்னு நீங்க நிம்மதியா இருக்கணுமே. நாசிரா வண்டி நின்னதுதான் நாங்க எதிர்பாக்காதது. காலையில வண்டி நின்னுடுச்சுன்னு அவ போன் பண்ணினப்போ எனக்கு உசுரே போயிடுச்சு. இருநூத்துப் பன்னெண்டு கையெழுத்தும் அவ ரொட்டிக் கூடைக்கு அடியிலதான்டா கோர்ட்டுக்குப் போச்சு; இப்போ போன்ல சொன்னது அவதான், முத்திரையும் குத்தியாச்சு. பாவம் வந்துடுமேன்னு பத்து நிமிஷத்துல காத்தை எடுத்து அனுப்பி வச்சது நீதான். இப்போ பெடலை மிதி, நான் இறுக்குறேன்.