வெளியாளுக்குக் காட்டாத கூடை

ஓர் அலுவலகத்தில் களவு நடந்துவிட்டது என்றால், நீங்கள் முதலில் யாருடைய பையைத் திறந்து பார்ப்பீர்கள்?

ஹாதிக்: …கெம்பஸ் லெப்புக்குள்ள வச்சி, படிக்கிற புள்ளைகள் எல்லாம் பாத்திட்டு நிக்க, நம்மட லெப் உதவியாள் துலக்சன்ட பேக்க அவிழ்த்துக் கொட்டினீங்களாமே மேடம்!

ஜெமீலா: நான் கொட்டல்ல. செக்கியூரிட்டி கொட்டின. கதவச் சாத்திட்டுக் கத்து.

ஹாதிக்: என்ன கிடைச்ச? சோத்துப் பெட்டியும் குடையும்தானே?

ஜெமீலா: தம்பி, மெதுவாக் கத. மேடமும் வாணாம். எண்ட தங்கச்சி அம்ஹாவக் கட்டப் போற நீ. மைனி எண்டா வாய் சுட்டுருமா?

ஹாதிக்: இது கந்தோர், வீடில்ல. இஞ்ச நீங்க மேடம்தான். கெம்பஸ்ல நாங்க கண்டுபிடிக்கிறத்துக்கு உரிமை எடுத்துக் கம்பனிக்குக் குடுக்கிற மேடம்.

ஜெமீலா: ஓம். அதான் எண்ட வேலை.

ஹாதிக்: நல்ல வேலை! அழுக்குத் தண்ணியத் தெளிய வைக்கிற எண்ட கூடைய வாங்க இரிந்த கொழும்புக் கம்பனி இப்ப என்ன சொல்றான் தெரியுமா? 'உரிமையே இல்லாத சாமானுக்கு உங்களோட என்ன கதை'ண்டு ஃபோன வச்சிட்டான்.

ஜெமீலா: அதுக்கு நானா பொறுப்பு? மனுப் போட முந்தியே உன்ட கூடை ஃபேஸ்புக்கில வந்திட்டு. ஊருக்கெல்லாம் காட்டின சாமானுக்கு மறுகா பேட்டன்ட் தரமாட்டானுகள். படிச்சிப் படிச்சிச் சொன்னேனா இல்லையா?

ஹாதிக்: சொன்னீங்க.

ஜெமீலா: 'உரிமை கையில வாற வரைக்கும் வெளியாள் ஒருத்தருக்கும் காட்டப்படாது.' தொண்டத்தண்ணி வத்தச் சொன்ன. எல்லாரும் தலையாட்டினீங்க.

ஹாதிக்: சரி… அதுக்கு துலக்சன் என்ன செஞ்ச?

ஜெமீலா: லெப்புச் சாவி அவன்ட கையில. கம்பிய வளைச்சிக் கூடையா ஒட்டினதும் அவன். உமிய எரிச்சிக் கரி போட்டதும் அவன். 'வேற ஆருக்கு இது தெரியும்'ண்டு டீன் கேக்கார். நான் என்ன சொல்ற?

ஹாதிக்: எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நம்மட பேக்க ஆரும் அவிழ்த்தானுகளா?

ஜெமீலா: நம்மள ஆரு சந்தேகப்படுற?

ஹாதிக்: அதான் கேக்கன்! உங்கட ஹேண்ட்பேக்க அந்த மேசையில கொட்டச் சொல்லி ஆரும் கேட்டானா? வீரமுனைத் தமிழ்ப் பொடியன் எண்டதும் எல்லாருக்கும் லேசாப் போச்சி.

ஜெமீலா: வாயப் பொத்து! நான் அப்பிடிப் பாக்கிறவளா? அவன்ட தங்கச்சிட கலியாணத்துக்கு நானும்தானே போன.

ஹாதிக்: போய் நல்லாச் சாப்பிட்டீங்க. வடையும் கட்டிட்டு வந்தீங்க.

ஜெமீலா: நீ மட்டும் பெரிய இவன்! டீன்ட முன்னால ஏன் வாய் திறக்கல்ல? அங்க பூனை, எண்ட கந்தோருக்குள்ள வந்து புலி!

ஹாதிக்: அங்க கேட்ட கேள்வி அப்பிடி. 'துலக்சன் செய்யக்கூடிய ஆளா'ண்டு கேட்டாரு.

ஜெமீலா: நீ என்ன சொன்ன?

ஹாதிக்: …தெரியா எண்டன்.

ஜெமீலா: வெக்கமில்லாம என்னட்ட வந்து கத்துறாய்!

ஹாதிக்: நீங்க என்ன சொன்னீங்க?

ஜெமீலா: …சாவி அவனிட்டதான் இரிந்த எண்டு சொன்ன. பொய்யா?

ஹாதிக்: பொய்யில்ல. அதான் இன்னும் கேவலம்.

ஜெமீலா: அந்த வீடியோவில என்னதான் இரிக்கி? ஒரு ஆலையில புழுங்கலுக்கு நெல் ஊறுற தொட்டி. கூடைய இறக்க முந்தி நாத்தம் புடிச்ச தண்ணி, இறக்கின புறகு தெளிஞ்ச தண்ணி. ரெண்டு கை. முகமில்ல. கதைக்கிற சத்தத்த எடுத்துட்டுப் பாட்டுப் போட்டிரிக்கானுகள். சம்மாந்துறையில எத்தின ஆலை, எத்தின தொட்டி! ஆரெண்டு புடிக்கிற?

ஹாதிக்: புடிக்க ஏலாதா?

ஜெமீலா: ஏலா.

ஹாதிக்: என்னப் பாத்துச் சொல்லுங்க.

ஜெமீலா: இரி… கதவு தட்டுறாங்க. ஆரு?

துலக்சன்: நான்தான் மேடம், துலக்சன். ஓ, ஹாதிக் சேரும் இரிக்கீங்க. நல்லதாப் போச்சு. லெப்புச் சாவிய உங்களிட்டக் குடுக்கச் சொன்னாங்க.

ஜெமீலா: இரி துலக்சன். கதிரையில இரி.

துலக்சன்: வேணாம் மேடம், பஸ் போயிரும். நாளைக்கு விசாரணையில நீங்க ரெண்டு பேரும் இரிப்பீங்கதானே?

ஹாதிக்: ஓம்… இரிப்பம்.

துலக்சன்: அப்ப பயமில்ல. மத்தாக்களுக்கு என்னத் தெரியா. பொஞ்சாதி ராவெல்லாம் அழுதவள், வேலை போயிருமோ எண்டு. நான் சொன்ன, சேரும் மேடமும் இரிக்காங்க, விடமாட்டாங்க எண்டு. சேர், நீங்களே சொல்லுங்க… நான் அத வெளிய கொண்டு போனனா?

ஹாதிக்: இல்லடா.

துலக்சன்: எங்கட அம்மா கூடக் கேட்டவ, 'என்ன மகன், கையெல்லாம் கரி, கெம்பஸ்ல அடுப்பூதுறியா'ண்டு. பொஞ்சாதி ஒரு பக்கம் சிரிக்காள். சிரிச்சிட்டுப் போங்க எண்டு விட்டுட்டன். ஒண்டும் சொல்லல்ல.

ஜெமீலா: வீட்டாக்களுக்கும்… காட்டல்லயா?

துலக்சன்: என்ன மேடம் இப்பிடிக் கேக்கீங்க? நீங்கதானே காட்டப்படாது எண்ட. சாவிய இதில வைக்கன். வாறன் சேர்.

ஹாதிக்: ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போ…

துலக்சன்: நாளைக்குக் குடிப்பம் சேர், எல்லாம் முடிஞ்சி.

ஜெமீலா: …போயிட்டானா?

ஹாதிக்: படி இறங்குறான்.

ஜெமீலா: யா அல்லாஹ்.

ஹாதிக்: மைனி.

ஜெமீலா: இப்ப மைனியா?

ஹாதிக்: நாளைக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?

ஜெமீலா: என்னத்த?

ஹாதிக்: போதும் மைனி, நடிச்சது காணும். அது எந்த ஆலை? ஆர்ட ஆலை?

ஜெமீலா: வாப்பாட ஆலைதான்! இப்ப என்ன? மகளுக்கு வீடு கட்டிக் குடுக்கிற மனுசன் கேக்கமாட்டாரா, மாப்பிள்ளை கெம்பஸ்ல என்ன கிழிக்கான் எண்டு? 'டெம்பரரி மாஸ்டருக்கு எப்பிடிப் புள்ளையக் குடுக்கிற'ண்டு மாமாமார் எல்லாம் நக்கலடிக்கக்குள்ள, நீதானே கூடையத் தூக்கிட்டு வந்த!

ஹாதிக்: நான்தான். அந்த ரெண்டு கையும் எண்டதான். எனக்கும் வெறி புடிச்சிட்டு, உங்கட குடும்பத்துக்கு முன்னால நானும் ஒரு ஆள் எண்டு காட்ட. ஆனா நாளைக்கு இதச் சொன்னா எண்ட வேலை நிரந்தரமாகுமா?

ஜெமீலா: ஆகா. எண்ட கதிரையும் நிக்காது. வாப்பா கலியாணத்தையும் நிப்பாட்டிருவார். அம்ஹாட மூஞ்ச நான் எப்பிடிப் பாக்கிற?

ஹாதிக்: அப்ப துலக்சன்?

ஜெமீலா: அவனுக்கு… வேற எங்கயும் ஒரு வேலை பாத்துக் குடுப்பம்.

ஹாதிக்: கேக்க நல்லாத்தான் இரிக்கி! கட்டார்ல இரிக்கிற உங்கட மச்சான், அந்த வீடியோவ மெசின் விக்கிற ஒருத்தனுக்கு அனுப்பி, அவன் ஃபேஸ்புக்கில ஏத்தியிரிக்கான். சரி. மச்சானுக்கு அது எப்பிடிப் போன? தொட்டிக்குப் பக்கத்தில நிண்டு வீடியோ எடுத்த ஆர் மைனி?

ஜெமீலா: …நான்தான். எடுத்து, குடும்ப குறூப்பில போட்டதும் நான்தான். நம்மட மாப்பிள்ளை கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் பாக்கட்டும் எண்டு… வாப்பா, மாமாமார், மச்சான்மார்… வல்லாஹி தம்பி, அவங்களும் வெளியாக்கள் எண்டு எனக்கு நினைப்பே வரல்ல.

மறுநாள் காலை விசாரணை நடந்தது. ஹாதிக்கும் ஜெமீலாவும் போயிருந்தார்கள். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. துலக்சனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.