எட்டு வருஷத்துக்கு ஒரு கையெழுத்து

— முடியாதுன்னா முடியாதுக்கா. அந்தப் பேனாவை உள்ள வை. நிம்மதியா வினிகர் ஊத்தின நாலு சிப்ஸ் தின்ன விடு. பஸ் எடுக்க இன்னும் கால் மணி நேரம்கூட இல்ல.

— நீ தின்னு, யாரு வேண்டாம்னா. நான் பேசுறேன். வீட்டுக்கு வந்தா டிவியைச் சத்தமா வைக்கிற. போன் பண்ணினா ஷிஃப்டுங்கிற. இங்கதான் டிரைவர் சீட்டை விட்டு உன்னால ஓட முடியாது. சொல்றேன் கேளு மாக்ஸீன், ஞாயித்துக்கிழமை நான் கிளம்புறேன்டி.

— தெரியும். பென்குவினுக்கு ஆக்கிப் போட.

— பென்குவினுக்கு இல்ல, ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு. ஃபாக்லண்ட் தீவுல ஆட்டுப் பண்ணைக்காரங்க பிள்ளைங்களை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க. அதுங்க தங்குற இடத்துல சமையல். நூறு தடவை சொல்லியாச்சு.

— அறுபத்திரண்டு வயசுல ராணுவ விமானத்துல ஏறி உலகத்தோட அந்தக் கோடிக்குப் போறவளை இந்தக் கிளீதார்ப்ஸ் ஊர்ல நான் பார்த்ததில்ல. சரி, அதுவும் நம்ம கொடி பறக்குற ஊருதானே, ராஜாவும் நம்ம ராஜாதான். அங்க வேலை பார்த்தா இங்க பென்ஷன் கணக்குல ஸ்டாம்ப் ஏறாதா?

— ஏறாது. அவங்களுக்குத் தனிக் கணக்கு. நானும் உன்னை மாதிரிதான் நினைச்சேன். பென்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டேன். காத்திருங்கன்னு ரொம்ப நேரம் பியானோ வாசிச்சுக் காட்டிட்டு ஒரு பையன் வந்தான். தன்மையான பையன். அங்க இருக்குற ரெண்டு வருஷத்துக்கும் நீங்களே மாசாமாசம் இங்க கட்டிக்கலாம்மா, அது பிரச்சினையே இல்லன்னான். அப்புறம் என் கணக்கைத் திறந்து பார்த்துட்டு, 'நடுவுல எட்டு வருஷம் பணம் கட்டாம ஒரே ஓட்டையா இருக்கே, அப்பவும் வெளிநாட்டுலதான் இருந்தீங்களா'ன்னு கேட்டான். 'இல்லப்பா, என் தங்கச்சி வீட்டு அடுப்படியில இருந்தேன்'னேன்.

— அவன்கிட்ட எல்லாம் எதுக்கு அதைச் சொல்ற? ஓட்டை இருந்தா காசு கட்டி அடைச்சுக்கலாம்னு எங்க டிப்போவுலயே பேசிக்கிறாங்க.

— ஆறு வருஷம் பின்னாடி வரைக்கும்தான் காசு வாங்குவாங்களாம். நம்ம பையன் கானர் சின்னப் பிள்ளையா இருந்தது அதுக்கும் முந்தி. மூட்டையில கட்டிக்கொண்டு போய்க் கொட்டினாலும் அந்தக் கதவு இனி திறக்காது. வேற ஒரு வழிதான் இருக்குன்னு அந்தப் பையனே எடுத்துக் கொடுத்தான். பெத்தவ வேலைக்குப் போறா, பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை அவ அக்கா பார்த்துக்கிறா. பிள்ளைக்குன்னு அரசாங்கம் தர்ற காசு உன் பேருக்கு வந்துச்சு இல்ல, அதோட சேர்ந்து வருஷாவருஷம் பென்ஷனுக்கு ஒரு வருஷக் கணக்கும் உன் பேருல விழுந்திருக்கு. அதை நீ எனக்கு மாத்தித் தரலாம். நீ ஆமான்னு கையெழுத்துப் போட்டா எட்டு வருஷம் எனக்கு வரும்.

— அதான் விஷயம். என் பென்ஷன்ல கை வைக்கிற.

— இல்லடி. அதையும் கேட்டேன். நீ பஸ் ஓட்டின சம்பளத்துலயே உன் வருஷமெல்லாம் நிறைஞ்சு கிடக்கு. ஒரு வருஷத்துக்கு ரெண்டு வருஷமா உனக்குப் போட மாட்டாங்க. மேல வந்தது சும்மா கிடக்கு. மழையில நீ ரெண்டு கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிற, நான் பக்கத்துல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்.

— ஏம்மா, இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா?

— போகும் பிளான்சர்ட் ஐயா. வாராவாரம் கேட்குறீங்க, வாராவாரம் போகுது. ஏறி உட்காருங்க.

— எப்பம்மா எடுப்ப?

— எங்கக்கா இறங்கினதும்.

— இவ கையெழுத்துப் போட்டதும் இறங்கிடுவேன் ஐயா.

— என்ன கையெழுத்தோ போடும்மா. எனக்கு முட்டியைக் காட்டணும். நான் குறுக்கே பேசலை.

— பார்த்தியா, ஊரு சனமே வந்து உட்கார்ந்து பார்க்குது. அக்கா, அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு நான் படிச்சேன். பிள்ளையைப் பார்த்துக்கிட்டவர் யாருன்னு ஒரு கட்டம். அதுல உன் பேரு. கீழ நான் ஒத்துக்கிட்டுப் போடணும். டேரன் என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் பொட்டியைத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் இந்த ஊர்ல நான் நிமிர்ந்து நடந்தது ஒரே ஒரு சொல்லை வச்சுத்தான். தனியா வளர்த்தேன். அவ்வளவுதான் என்கிட்ட இருக்குறது.

— தனியா?

— சொல்ற வழக்கம் அப்படி ஆயிருச்சுக்கா.

— விடியிறதுக்கு முன்னாடி டிப்போவுக்குப் போயிருவ. வேலை முடிஞ்சு நீ வர்றப்ப உன் சாவி கதவுல திரும்புற சத்தமும் நான் டீக்குக் கெட்டில் போடுற சத்தமும் ஒண்ணா கேட்கும். அவனுக்கு அம்மை போட்டப்ப பழைய காலுறையில ஓட்ஸைக் கட்டித் தண்ணியில ஊறப்போட்டுக் குளிப்பாட்டினது யாரு? அந்த வருஷம்தான் மீன் கம்பெனியில என்னை லைனுக்கு மேஸ்திரி ஆக்குறேன்னாங்க. வேண்டாம்னு வேலையையே விட்டுட்டு வந்தேன். ஒருநாளாவது குத்திக் காட்டியிருக்கேனா?

— இப்பக் காட்டிட்ட.

— இப்பவும் காட்டல. நான் செஞ்சதுக்குப் பேரு வேலைன்னு ஒருத்தராவது எழுதி வைக்கணும்ங்கிறேன். வீட்டுக்குள்ள நின்னு செஞ்சா பாசம், அதையே வெளிய போய்ச் செஞ்சா உத்தியோகம். எவன் வகுத்தானோ தெரியல. இதோ, அதே சமையலுக்கு ஃபாக்லண்ட்ல விமான டிக்கெட் எடுத்துத் தர்றாங்க.

— குறுக்கே பேசுறேன்னு நினைக்காதீங்கம்மா.

— பேசுங்க ஐயா. எப்படியும் பேசத்தான் போறீங்க.

— நான் மீன் பிடிக்கிற ட்ராலர்ல மூணு வாரம் கடல்ல இருப்பேன், மூணு நாள் கரையில இருப்பேன். அந்த மூணு நாளும் பப்புல உட்கார்ந்து, நாலு பிள்ளையை வளர்த்து ஆளாக்கினேன்னு பேசுவேன். ஒருநாள் எங்க வீட்டுக்காரி அங்கயே வந்து, எல்லாரும் இருக்கும்போதே, நாலு பேரோட பொறந்த நாளையும் சொல்லுன்னா. ரெண்டுதான் வந்துச்சு.

— மிச்சம் ரெண்டு?

— பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நாப்பது வருஷமாச்சு.

— சிரிக்காதக்கா. எனக்கு கானர் பொறந்த நாள் தெரியும்.

— தெரியாம இருக்குமா? பெத்தது நீ. அவன் தின்னதெல்லாம் நீ ஓட்டின பஸ்ஸுதான்டி. நீ வளர்க்கலன்னு நான் எந்தச் சபையில சொன்னேன்? நானும் வளர்த்தேன்னு சொல்லுங்கிறேன். அதுக்கு எதுக்கு மூணு வாரமா ஓடி ஒளியுற?

— ஒளிஞ்சது அதுக்கு இல்ல.

— பின்ன?

— கானர் கடல்ல நிக்கிற கரண்டு காத்தாடியை மராமத்துப் பண்ற கப்பல்ல போனா ரெண்டு வாரம் ஆளையே காணோம். வந்தாலும் தூங்குறான். நீயும் போயிட்டா வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் நான் யாரோட சண்டை போடுறது? இதைப் போட்டுக் குடுத்தா உனக்கு இங்க ஒரு குறையும் மிச்சமிருக்காது, நிம்மதியா ஏறிப் போயிடுவ. போடாம இழுத்தடிச்சா நீயும் போறதைப் பத்தி யோசிப்பன்னு இருந்தேன். போதுமா? ஐயா, நீங்க ஜன்னலைப் பாருங்க.

— ஜன்னலைத்தாம்மா பார்க்குறேன்.

— அடி லூசு. தலைகீழாப் புரிஞ்சு வச்சிருக்க. நான் எதுக்கு அந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்னு நினைச்ச? இந்த ஓட்டையாலதான். எட்டு வருஷம் குறைஞ்சா பென்ஷன் எவ்வளவு வரும்னு பார்த்தேன். ஹீட்டர் போட்டா தின்ன முடியாது, தின்னா ஹீட்டர் போட முடியாது. இங்க கடையில மீன் வறுத்துக்கிட்டு நின்னா எந்தக் காலத்துலயும் அது சேராது. அங்க தங்குறது சாப்பிடுறது எல்லாம் அவங்க செலவு, ரெண்டு வருஷத்துல கொஞ்சம் ஒதுக்கலாம்னுதான் கேட்டேன்.

— இரு, இரு. அப்ப இந்த எட்டு வருஷமும் உன் பேருக்கு வந்துட்டா?

— குறை தீர்ந்துபோகும்.

— ஃபாக்லண்ட் காசு வேண்டாம்?

— பென்ஷனுக்கு வேண்டாம். இங்க இருக்குற வருமானமே போதும்.

— பேனாவைக் குடு.

— நிதானமாப் படிச்சிட்டுப் போடு.

— மூணு வாரமா படிச்சுக்கிட்டுதான் இருக்கேன், மனப்பாடமே ஆயிருச்சு. எங்க, இங்கயா? இந்தா. கீழ ஒண்ணு. தேதி நீ போட்டுக்க. பிளான்சர்ட் ஐயா, நீங்களும் கேட்டுக்கங்க. நான் சம்பாதிச்சேன், எங்கக்கா பார்த்துக்கிட்டா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவனை வளர்த்தோம்.

— யாரும்மா இல்லன்னா? ஆஸ்பத்திரி.

— இதோ எடுக்குறேன். என்னக்கா, அழுறியா?

— இல்லடி, உன் வினிகர் நெடி கண்ணுல ஏறுது. எட்டு வருஷத்தையும் யாரோ திரும்பக் கொண்டுவந்து மடியில வச்ச மாதிரி இருக்கு. இரு, மடிச்சு உறையில போட்டுக்குறேன். முக்குல தபால் பெட்டி இருக்கு, இப்பவே போட்டுருவேன். உன் புத்தி சாயங்காலம் மாறினாலும் மாறும்.

— மாறாது. நீ வீட்டுக்குப் போய் கட்டி வச்ச பெட்டியைப் பிரிச்சுத் துணியெல்லாம் எடுத்து வை. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலதான் சாப்பாடு, கறி ரோஸ்ட் நான் போடுறேன். உருளைக்கிழங்கு மட்டும் நீ பண்ணு, எனக்கு அது மொறுமொறுன்னு வராது. ஹாஸ்டல்காரங்களுக்கு வரலன்னு மரியாதையா ஒரு போன் போட்டுச் சொல்லிடு.

— எதுக்கு வரலன்னு சொல்லணும்?

— என்னக்கா நீ, அங்க போக வேண்டிய அவசியம்தான் இப்ப இல்லையே?

— இல்லதான் மாக்ஸீன். பொறந்ததிலேருந்து எந்த இடத்துக்குப் போனாலும் அவசியத்துக்குத்தான் போயிருக்கேன், உன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இது ஒண்ணு, இப்பத்தான், ஆசைக்குப் போறேன்.