பூங்கோதை எழுதின விலாசம்

மாகாணம் மாறி வந்தவங்களுக்கான சட்டம் எல்லாம் வக்கீல் அம்மா விளக்கமாப் பேசிட்டாங்க. நான் அதுக்குள்ள போகல. ஒரே ஒரு சின்னக் கதை சொல்லிட்டு இறங்கிடுறேன்... இங்க நிறைய பேர் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அது எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்.

பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. அரக்கோணத்துக்காரங்க. நம்ம கனடாவுலயே சஸ்காச்சுவான் மாகாணத்துல ஒரு சின்ன டவுன். அங்க முதியோர் இல்லத்துல வயசானவங்களைப் பாத்துக்க ஆள் கிடைக்கல. அந்த மாகாணமே சிபாரிசு பண்ணி இவங்களுக்கு பி.ஆர்., அதான் நிரந்தரமாத் தங்குற உரிமை, வாங்கிக் கொடுத்துச்சு. அந்த மாகாணத்துலயே இருப்போம்னு சொல்லி, இவங்களும் வீட்டுக்காரர் தணிகைவேலும் போய் இறங்கினாங்க. எங்க பாத்தாலும் பனி. பேச ஒரு தமிழ் ஆள் கிடையாது. இருந்தாங்களா? இருந்தாங்க. சந்தோஷமாவே இருந்தாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? ரெண்டாவது வருஷம், அந்த இல்லத்தையே மூடப் போறோம்னுட்டாங்க.

அதே நேரம் இங்க டொரான்டோல ஒரு வேலை தேடி வருது. உடனே வந்து சேரணும். தணிகைவேல் சொல்றாரு, "கிளம்பிடலாம் கோதை. மூடப்போற இடத்துல நமக்கு என்ன இருக்கு?"

அந்தம்மா சொன்னாங்க, "உள்ள பெரியவங்க இருக்காங்கங்க. அவங்களுக்கு ஒரு இடம் கிடைக்கட்டும்."

கிடைக்கிற வரைக்கும் இருந்தாங்க. கடைசியா ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியோட வண்டியில ஏத்தி, காலுக்குப் போர்வை சுத்திவிட்டு, அப்புறம்தான் வெளிய வந்தாங்க. அதுக்குள்ள டொரான்டோ வேலை போயிடுச்சு. அந்த டவுன்லயே கடை கடையா ஏறி வேலை கேட்டாங்க. கிடைக்கல. வேற வழியில்லாம இங்க வந்து, புதுசா ஆரம்பிச்சாங்க...

வருஷம் ஓடுச்சு. பி.ஆர். கார்டு முடியப் போகுது. ஊர்ல தம்பி கல்யாணம். கார்டு இல்லாமப் போனா, திரும்பி விமானம் ஏற முடியாது. என்ன பண்ணுவாங்க? நாம என்ன பண்ணுவோமோ அதைத்தான் பண்ணாங்க. கார்டைப் புதுப்பிக்க ஒரு ஏஜென்ட்கிட்ட போனாங்க.

ஏஜென்ட் குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொல்றாரு... "தங்கச்சி, சிபாரிசு பண்ண மாகாணத்தை விட்டு வந்தது தெரிஞ்சா கார்டையே பிடுங்கிடுவான். அங்க எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. அந்த விலாசத்தைப் போடு. இன்னும் அங்கதான் இருக்கேன்னு எழுது."

தணிகைவேல் பயந்துட்டாரு. "எழுதிடு கோதை. ஊரே அப்படித்தான் பண்ணுதாம்."

பூங்கோதை என்ன சொன்னாங்க தெரியுமா? "நான் அங்க இருந்தது நிஜம். வந்ததும் நிஜம். இதுல எதை நான் மறைக்கணும்?"

எழுந்து வந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து, இங்க தான் குடியிருக்கிற ஸ்கார்பரோ வீட்டு விலாசத்தையே மனுவுல எழுதி அனுப்பினாங்க.

உடனே கார்டு வந்துச்சா? வரல... நேர்ல வரச் சொல்லித்தான் தகவல் வந்துச்சு. அங்க குடியேற்ற அதிகாரி கேட்டதைத் தமிழ்ல சொல்றேன். "அந்த மாகாணத்துல இருப்பேன்னு சொல்லித்தானே வந்தீங்க? சொன்னப்போ அந்த எண்ணம் உண்மையிலயே இருந்துச்சா?"

பூங்கோதை அவரை நேராப் பாத்துச் சொன்னாங்க. "இருந்துச்சு சார். வேலை இருந்த வரைக்கும் இருந்தேன். கடைசி ஆளை வண்டியில ஏத்தின பிறகுதான் அந்த வாசலை விட்டு இறங்கினேன். அதுக்கப்புறமும் அங்கயே வேலை தேடினேன்."

அவர் சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல. "உங்க வரிக் கணக்குல இருக்கிற விலாசமும் இந்த மனுவுல இருக்கிறதும் ஒண்ணா இருக்கு," அப்படின்னாரு. "விசாரிச்சுட்டுச் சொல்றோம்."

யோசிச்சுப் பாருங்க... அந்த ஏஜென்ட் சொன்ன விலாசம் அந்த மனுவுல இருந்திருந்தா?

விசாரணை முடியறதுக்குள்ள தம்பி கல்யாணம் முடிஞ்சு போச்சு. போன்லதான் பாத்தாங்க. தம்பி கேட்டான், "ஒரு விலாசத்தை மாத்தி எழுதியிருந்தா வந்திருப்பியேக்கா?"

"வந்திருப்பேன்டா. திரும்பி வந்து, எவன் எப்பக் கதவைத் தட்டுவானோன்னு உக்காந்திருப்பேன். அது என்னால முடியாது." போனை வெச்சுட்டு அழுதாங்க. அழுதுட்டு, டியூட்டிக்குப் போனாங்க.

கார்டு வந்துச்சுங்க. தாமதமா வந்துச்சு... ஆனா வந்துச்சு. அடுத்து வந்த பொங்கலுக்கு அரக்கோணம் போயி, தம்பி சம்சாரத்துக்குத் தன் கையால பூ வெச்சுவிட்டுத் திரும்பினாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? பி.ஆர். வாங்கினவன் ஊர் மாறலாம். அது குற்றம் இல்ல. ஆரம்பத்துலயே இருக்க மனசில்லாம வந்து, இருப்பேன்னு சொன்னீங்களா, அது பொய். மாறிட்டு, மாறலன்னு எழுதினீங்களா, அதுவும் பொய். அந்தப் பொய்தான் உங்களை ஊருக்கே திருப்பி அனுப்பும்.

உங்களுக்கும் அங்கேர்ந்து இங்க வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும். வேலை போயிருக்கும், பிள்ளைக்கு உடம்பு முடியாம இருந்திருக்கும். அதைச் சொல்லுங்க. தெரியலன்னா ஏஜென்ட்கிட்ட ஓடாதீங்க, வக்கீல் அம்மா இந்தா உக்காந்திருக்காங்க, இவங்களைக் கேளுங்க. லேட்டாகும். ஒரு கல்யாணம் போகும், ஒரு சாவுக்குக்கூடப் போக முடியாமப் போகலாம்... வலிக்கும். வலிச்சாலும் பரவாயில்ல. நாளைக்கு நீங்க மனுவுல விலாசம் எழுதப்போற அந்த இடத்துல, இன்னைக்கு ராத்திரி எந்த வீட்ல தூங்கப் போறீங்களோ... அந்த வீட்டு விலாசத்தை எழுதுங்க.