கதவு எண் 217

அந்த வீட்டை நான் சுத்தமாக வைத்திருந்தேன், மேடம். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஜெர்விக் இருந்தவரை கால்வாய்ப் பக்கத்துச் சுவரில் பாசி விரல் தடிமனுக்குப் படர்ந்திருக்கும். நான்தான் அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன்.

வீடு அவனுடையது. மாடி அறையில் ஆறு வருஷமாக நான் வாடகைக்கு இருந்தேன். பலகையும் தகரமும் சேர்த்துக் கட்டிய வீடு. பத்திரம் கிடையாது. மனிலாவில் எங்கள் கால்வாய் ஓரத்தில் யாரிடமும் பத்திரம் இல்லை. கட்டியவனுக்கு வீடு, அவ்வளவுதான். என்னைக் குயா என்று கூப்பிடுவான், கூடப் பிறந்த அண்ணனைக் கூப்பிடுவது போல. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கை ரோவேனா, சமர் தீவில் இருக்கிறாள்.

மார்ச் மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். கால்வாய் ஓரத்தைக் காலி செய்துவிட்டு, எங்களுக்குப் பக்கத்து மாகாணமான புலக்கானில் சிமெண்ட் வீடு தருவார்களாம். அதற்கு முன் கணக்கெடுப்பு. அதிகாரிகள் கதவில் சிவப்புச் சாயத்தால் எண் எழுதுவார்கள். குடியிருப்பவரை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். ஒரு கதவுக்கு ஒரு பெயர். அன்றைக்கு அங்கே இல்லாதவன் வீட்டைக் கட்டியவனாகவே இருந்தாலும் அவனுக்கு ஒன்றும் கிடையாது.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் யாரையும் நம்பவில்லை. கட்டிக்கொடுத்த மகள்கள் பாயோடு திரும்பி வந்தார்கள். வாடகைக்காரர்களின் மூட்டைகள் சந்தில் கிடந்தன. மீன் விற்கிற பெண் வியாபாரத்தை விட்டுவிட்டு நாள் முழுவதும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏப்ரலில் ஜெர்விக் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்தான். எதற்கு என்று கேட்டேன்.

"ஊரே திருட்டு முழி முழிக்குது குயா. உங்களையும் சேத்துத்தான்" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சாவி தரவில்லை என்பதைக் கவனித்தேன்.

அடுத்த வாரம் போலீஸ் வந்தது. நேராகப் படிக்கட்டுக்கு அடியில் கையை விட்டு நாட்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்தார்கள். யாரோ தகவல் கொடுத்திருக்க வேண்டும். ஜெர்விக் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு கூட்டிப்போனார்கள்.

நான் கீழே குடிவந்தேன். பூட்டிய வீட்டைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் இல்லையா?

இரண்டு முறை சிறைக்குப் போய்ப் பார்த்தேன். நூடுல்ஸ் வாங்கிப் போனேன். பத்துப் பேர் இருக்கவேண்டிய அறையில் அறுபது பேர். முறை வைத்துத் தூங்குகிறார்கள்.

"என்ன குயா, மாடியிலேருந்து இறங்கிட்டீங்களாமே? நான் இங்க காலை நீட்ட க்யூல நிக்கிறேன், நீங்க அங்க புரண்டு புரண்டு படுக்கிறீங்க."

"வீட்டைப் பாத்துக்க ஆள் வேணாமா?"

"வேணும், வேணும். நல்லாப் பாத்துக்குங்க." இருமினான். "அரிசி டின்னுக்குள்ள இன்னொரு சாவி கிடக்கு. உங்களுக்குன்னுதான் போட்டேன். குடுக்க மறந்துட்டேன்."

உள்ளே போனபிறகு யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். திரும்பி வந்து டின்னில் கையைவிட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. அது எனக்கென்று போட்டதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஜூனில் ரோவேனா கப்பலேறி வந்தாள். பிணைப் பணம் கட்ட வழியில்லாதவனுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருப்பது உங்களுக்குத் தெரியும். அதே பகுதியில் குடியிருக்கும் நல்ல பெயருள்ள ஒருவர் நீதிபதி முன்னால் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். அவள் வெளியூர். அதனால் அவள் போட்டால் செல்லாது. ஜெர்விக் என் பெயரைச் சொல்லியிருந்தான்.

"செவ்வாக்கிழமை காலைல ஒன்பது மணிக்குக் கோர்ட்டுக்கு வாங்க குயா. ஒரே ஒரு கையெழுத்து. அண்ணன் ரத்தம் ரத்தமா இருமுறான். நீங்க வரலைன்னா அவன் உள்ளயே போயிருவான்."

"வராம இருப்பனா? போய்ச் சாப்பிடு முதல்ல" என்றேன். காபியும் பாண்டேசால் ரொட்டியும் கொடுத்தேன். அவள் ரொட்டியைச் சாப்பிடாமல், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. வீட்டைவிட்டு நகர முடியாத வாரம் அது. கணக்கெடுப்பு வெள்ளிக்கிழமை என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்குக் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். 217. படம் நன்றாக வந்திருந்தது. உங்கள் கோப்பிலும் இருக்கும்.

நீதிமன்றம் இரண்டு மாதம் தள்ளித் தேதி கொடுத்தது. ஜெர்விக் ஐந்தாவது வாரமே இறந்துவிட்டான். அடக்கத்துக்கு நான் போனேன். சவப்பெட்டியில் ஒரு பக்கத்தைத் தூக்கியதும் நான்தான். ரோவேனா அங்கிருந்து நேராக உங்களிடம் புகார் கொடுக்க வந்துவிட்டாள் போலிருக்கிறது.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். அது என்னுடையதுதான். பல வருஷமாக மாடியில் என் தலைமாட்டில் இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்தது ஒரு ராத்திரிதான். காலையில் சந்தையிலிருந்து போன் செய்ததும் நான்தான். அவனைச் சாகவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. கணக்கெடுப்பு முடிகிறவரை வீட்டில் இருக்கக்கூடாது என்று மட்டுமே நினைத்தேன். அறுபது பேரை ஒரே அறையில் அடைப்பது என் வேலையில்லை.

நீங்கள் என் மேல் சந்தேகப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அதிகாரிகளையும் கூப்பிட்டு விசாரியுங்கள், மேடம். ஒரு வாரம் முன்னால் வந்து எண்ணை எழுதியிருந்தால், செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நான் நீதிமன்றத்தில் இருந்திருப்பேன். ஒரு கையெழுத்துதானே. அதை மறுக்கிற ஆள் இல்லை நான்.