துவாதசியன்று ஒரு மைல்

"பட்டினி கிடக்கிறவனோட ஓடி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லைன்னுட்டானாம்."

மெயின் கார்டு கேட்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தம் மனைவியிடம் இப்படிச் சொன்னார். நான் பேப்பரை மடித்துவிட்டேன். அதில் இவ்வளவு நல்ல செய்தி எதுவும் இல்லை.

"ஏன்னா, யாரு அது?"

"நம்ம பிள்ளை ரங்கனோட ஒரு மைல் பந்தயம் ஓடறானே, மணப்பாறைக் கிறிஸ்தவப் பையன். ஹாஸ்டல்ல இருக்கான். நாளைக்குக் காலேஜ் ஸ்போர்ட்ஸ், நாளைக்கே ஏகாதசி. ரங்கன் ஜலம்கூடத் தொடமாட்டான்னு தெரிஞ்சதும் டிரில் மாஸ்டர்கிட்ட போய், அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் மறுநாள் சாயங்காலம் வைக்கச் சொல்லிட்டான்."

"ஹாஸ்டல் பசங்க விட்டாளா?"

"எங்கப்பா படிச்ச நாள்லேர்ந்து ஹாஸ்டலுக்கும் ரங்கன் மாதிரி ஆத்துலேர்ந்து போற டே ஸ்காலருக்கும்தானே போட்டி. கைக்கு வர்ற கப்பைக் கெடுக்கறியேடான்னு சண்டை போட்டாளாம். அப்புறம் ஒத்துண்டுட்டா."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அந்த அம்மாள் பாலம் முடிகிறவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவாதசிக்குக் கார்த்தாலேயே தளிகை ஆகி, சாப்பிட்டு விரதத்தை முடிச்சுடுவோம். அந்தப் பையனையும் வரச் சொல்லுங்கோ. ரங்கன் பக்கத்துலேயே இலை போடறேன்."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "நம்மாத்துலயா? வீதியில என்ன சொல்லுவா?"

"நம்ம விரதத்துக்காக அவன் ஒரு நாள் காத்துண்டிருக்கான். அவனுக்காக வீதி ஒரு வேளை பொறுத்துக்காதா?"

இறங்கும்போது கணவர் கேட்டார்:

"வாழையிலை இருக்கா, வாங்கிண்டு போகணுமா?"